தண்ணிப் பாம்பு வளர்க்க ஆசையா? கம்பி எண்ண வேண்டியதுதான்!

நாலு நாள் விடாமல் மழை அடித்தால் போதும். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் வாசல்படிக்கே விருந்தாளி வந்துவிடும். பெரும்பாலும் தண்ணிப் பாம்புதான்.

"விஷம் கிடையாதே சார், தொட்டியில் போட்டு வளர்த்தால் என்ன?" என்று கேட்கும் வாலிபர்கள் உண்டு. பிடித்து டப்பாவில் அடைப்பதோடு நிற்பதில்லை. செல்போனில் படம் பிடித்து ஊருக்கே காட்டுகிறார்கள். அந்தப் படமே கேசுக்குச் சாட்சியாகிவிடும் என்பது பாவம், அவர்களுக்குத் தெரிவதில்லை!

பிடித்தாலே வேட்டை

துப்பாக்கியால் சுட்டால்தான் வேட்டை என்று நினைக்காதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, பிடிப்பதும் வேட்டை, பிடிக்க முயற்சி செய்வதும் வேட்டை. நல்ல பாம்பு, சாரை, தண்ணிப் பாம்பு மூன்றுமே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. விஷம் இருக்கிறதா இல்லையா என்று சட்டம் கேட்பதில்லை.

எந்தப் பட்டியலில் உள்ள பிராணி என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறும். கடுமையான முதல் பட்டியல் என்றால் 3 வருஷத்துக்குக் குறையாமல் ஜெயில். 7 வருஷம் வரை போகும். 2022-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தையும் ஏற்றிவிட்டார்கள். "நான் பிடிக்கலை, காசு கொடுத்து வாங்கினேன்" என்ற பேச்சும் எடுபடாது.

என்ன போடுவார்கள்?

சரி, சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்?

சிலர் கிண்ணத்தில் பால் வைப்பார்கள். பாம்புக்குப் பால் ஆகாரமே இல்லை. தாகத்தில் தவிக்கும் பாம்பு எதை வைத்தாலும் குடிக்கும். பால் அதற்குச் செரிக்காது.

தண்ணிப் பாம்பின் இரை மீனும் தவளையும். குட்டியாக இருக்கும்போது தலைப்பிரட்டை. விஷயம் தெரிந்த பையன்கள் கொளத்தூர் வண்ணமீன் கடைக்குப் போய்த் தங்க மீன் வாங்கிப் போடுவார்கள். அதிலும் வில்லங்கம்! தங்க மீனில் உள்ள ஒரு பொருள், வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடும். தினமும் அதையே தின்றால் பாம்புக்கு நரம்பு தளர்ந்து, வலிப்பு வந்து செத்துப் போகும்.

தண்ணிப் பாம்புதானே என்று எப்போதும் ஈரத்திலேயே போட்டு வைத்தால் தோலில் கொப்புளம் கிளம்பும். பிடிபட்ட பாம்பு பல நேரம் இரையையே தொடாது. பட்டினி கிடந்தே சாகும்.

அனுமதி யாருக்கு?

கிண்டி பாம்புப் பண்ணை மாதிரி அங்கீகாரம் பெற்ற இடங்களில் பாம்பு வளர்க்கலாம். இன்னொரு உதாரணம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் இருளர்கள். சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்றதும் பிழைப்பு போனது. 1978-ல் சங்கம் பிறந்தது.

அவர்கள் கூட வைத்த இடத்தில் வைத்துக்கொள்ள முடியாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு வகைக்கு மட்டும், இத்தனை என்று எண்ணி வனத்துறை அனுமதி தரும். மண்பானையில் வைத்து, வாரம் ஒரு தடவை விஷம் எடுத்து, சில வாரத்தில் காட்டில் விட்டுவிட வேண்டும். கடிபட்டவர்களுக்குப் போடும் விஷமுறிவு மருந்து அந்த விஷத்தில்தான் தயாராகிறது. இந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பரம்பரையாகப் பாம்பு பிடிப்பவர்களுக்கே இத்தனை கட்டுப்பாடு. நம்ம பையன்கள் மீன்தொட்டியோடு கிளம்புகிறார்கள்!

வீட்டுக்குள் வந்துவிட்டால்?

கம்பைத் தூக்காதீர்கள். தண்ணிப் பாம்பு மிரண்டால் தலையைத் தூக்கிக் கழுத்தைத் தட்டையாக்கும். படம் எடுக்கிறது, நல்ல பாம்பு என்று அடித்துக் கொன்றுவிடுகிறோம். அதுவும் குற்றம். நல்ல பாம்பைத் தண்ணிப் பாம்பு என்று தொட்டுவிட்டால் உயிரே போய்விடும்.

விலகி நின்று, அது எங்கே போகிறது என்று ஒரு கண் வைத்துக்கொண்டு 101-க்குப் போன் போட்டு தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். வனத்துறைக்கும் சொல்லலாம். குழந்தைகளை முதலில் வெளியே அனுப்புங்கள்.