சிறு இழுவை இயந்திரம்

சிறு இழுவை இயந்திரம் அல்லது மினி டிராக்டர் என்பது சிறிய வயல்களிலும் பயிர் வரிசைகளுக்கு இடையிலும் இயங்கத்தக்கவாறு, குறைந்த எடையும் குறுகிய அகலமும் கொண்டு அமைக்கப்பட்ட உழவு வண்டி ஆகும். இந்தியாவில் ஏறத்தாழ 11 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ளவை இப்பெயரால் வழங்கப்படுகின்றன. நெல்லும் கரும்பும் விளையும் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைப் போன்ற சிறுநிலப் பகுதிகளில், எவ்வண்டி பொருந்தும் என்பதை விலையை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது.

வகைகள்

இதன் முன்னோடியாக விசை உழுவியைக் (பவர் டில்லர்) கூறலாம். பெங்களூரில் 1967ல் தொடங்கப்பட்ட வி.எஸ்.டி. நிறுவனமும், கேரளத்தின் அத்தாணியில் 1973ல் தோன்றிய கேம்கோ நிறுவனமும் இதனை உற்பத்தி செய்கின்றன. நான்கு சக்கர வண்டிகளுள் மகிந்திரா யுவராஜ் 215, சுவராஜ் 717 ஆகியவை 15 குதிரைத்திறனும் ஒற்றை உருளையும் கொண்டவை. அதிர்வு மிகுதி, பழுது பார்ப்பது எளிது. குபோட்டா பி2441 வண்டி 24 குதிரைத்திறனும் மூன்று உருளைகளும் உடையது. இதன் நான்கு சக்கரங்களும் இயக்கப்படுகின்றன.

விளம்பரங்களில் காணப்படுவது பொறியின் திறன். சுழல் கலப்பையைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் திறன் அதனினும் குறைவு. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள நடுவண் அரசின் சோதனை நிலையம் வெளியிடும் அறிக்கைகளில் இவ்விரண்டும் தனித்தனியே தரப்படுகின்றன.

சேற்றுழவு

பாகூர் ஏரிப் பாசனம் போன்ற நஞ்சைகளில், களிமண் வயலில் கனத்த வண்டி புதையும். சேற்றுக்கு அடியில் உள்ள கெட்டித் தளத்தையும் உடைத்துவிடும். எடை குறைந்த வண்டி இங்கு மேலானது. எனினும் கரும்புக் கட்டைகளைப் பெயர்த்து ஆழ உழுவதற்கு அதே எடைக்குறைவு தடையாகும்; சக்கரம் வழுக்கும். அவ்வேலைக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு அமர்த்துவதே தக்கது. சேற்றில் பூட்டும் கேஜ் வீலுடன் தார்ச்சாலையில் ஓட்டினால் சாலை பெயரும் என்பதால், துண்டு நிலம் உடையோர் அதனைக் கழற்றி மாட்டும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

1 மீட்டர் அகலச் சுழல் கலப்பை மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் சென்றால், திருப்பங்களுக்கு 30 விழுக்காடு கழித்து, மணிக்கு 1,400 சதுர மீட்டர் உழும். ஓர் ஏக்கர் (4,047 சதுர மீட்டர்) முடிய ஏறக்குறைய 3 மணி நேரமாகும்.

கரும்பில் களையெடுக்க வண்டி வரிசைக்குள் நுழைய வேண்டும். மரபான 3 அடி இடைவெளியில் இது கடினம். 4 அல்லது 5 அடி இடைவெளியில் நட்டிருந்தால் குறுகிய வண்டி செல்லும். நடவுக்கு முன்பே எண்ணவேண்டிய செய்தி இது.

சொந்தமும் வாடகையும்

2 ஏக்கரில் ஆண்டுக்கு இரு போகம், போகத்திற்கு மூன்று உழவு எனக் கொண்டால் மொத்தம் 36 மணி நேர வேலையே உண்டு. வேளாண் பொறியியல் கணக்கீடுகளிலோ ஒரு டிராக்டருக்கு ஆண்டுக்கு 1,000 மணி நேரம் எனக் கொள்வது வழக்கம். 2014-15ல் தொடங்கிய நடுவண் அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின் மானியமும், 2025 செப்டம்பர் 22 முதல் 12லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்த சரக்கு சேவை வரியும் இந்த இடைவெளியை நிரப்பப் போதா. பிறர் வயலுக்கும் ஓட்டினாலன்றிக் கடன் அடையாது.

ஆயினும் வாடகைக்கும் ஓர் இடர் உண்டு. ஏரி திறந்தவுடன் எல்லா வயல்களுக்கும் ஒரே வாரத்தில் வண்டி தேவைப்படும். முறை வருவதற்குள் நாற்று முதிர்ந்தால், குறிப்பாகக் குறுகிய கால நெல்லில், தூர் கட்டுவது குறைந்து விளைச்சல் சரியும். உறவினர் சிலர் கூடி ஒரு சிறு வண்டி வாங்கினால், அவர்களுக்குள் எவர் வயல் முதலில் என்பதை மட்டும் முடிவு செய்தால் போதுமானது.