ஏற்காட்டில் குக்கர் விசில்

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். பருப்பு வேகத் தாமதமாகும். குக்கரில் வைத்தால் இந்த வேறுபாடு மறையுமா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். குறையும், முழுவதும் மறையாது.

மூடிமேல் உள்ள வெயிட் ஒரு வால்வுதான். உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோகிராம் மிகும்போது அது எழும்பி நீராவியை விடுகிறது. மலையில் வெளியழுத்தமே குறைவு. ஆகவே கடற்கரை ஊரில் சுமார் 120 டிகிரியில் எழும் அதே வெயிட், இங்கே சுமார் 117 டிகிரியிலேயே எழுந்துவிடும்.

வேகவில்லையே என்று வெயிட்டின் மேல் பாரம் வைப்பது ஆபத்து. நீராவித் துளையைப் பருப்புத் தோல் அடைத்தாலும் அதே நிலைதான். அப்போது சூடேறி, பாதுகாப்பு வால்விலுள்ள உலோகம் உருகி நீராவிக்கு வழிவிடும். அந்த இடத்தை ஆணியாலோ திருகாலோ அடைத்துவிட்டால் குக்கர் வெடிக்கலாம்.