லேயில் இறங்கிய முதல் விமானம்

ஆகாய விமானத்தை ஏற்றுவது பெரிதல்ல, இறக்குவதே பெரிது. அதிலும், தரையில் வழிகாட்டும் கருவி எதுவுமின்றி, விமானி தன் கண்ணையே நம்பி இறங்குவது தனி வித்தை. எங்கள் ஆனைக்குட்டத்தைப் போன்ற கரிசல் சமவெளியானால், ஒரு தடவை கணக்குத் தவறினாலும் மேலே எழும்பி, வட்டமிட்டு, மறுபடியும் வரலாம். மலைகளுக்கு நடுவே அகப்பட்ட பள்ளத்தாக்கில் அந்தச் சலுகை எளிதில் கிடைக்காது.

1948-ஆம் வருஷம் மே மாதத்தில் லடாக்கின் தலைநகரான லே பட்டணம் பேராபத்தில் இருந்தது. படையெடுப்பாளர்கள் நெருங்கிக்கொண்டிருந்தார்கள், காவல் துருப்புகளோ சொற்பம். தரை மார்க்கமாக உதவி போய்ச் சேர அவகாசமில்லை. ஆகாய மார்க்கம் ஒன்றே மிச்சம். ஆனால் அதுவரை எந்த விமானமும் லேயில் இறங்கியதில்லை.

நல்லவேளையாக, சோனம் நோர்பு என்ற லடாக்கிய எஞ்சினீயர் அந்த வசந்த காலத்தில் உள்ளூர் ஜனங்களைக் கொண்டு சிந்து நதிக்கு அருகே மணல் தரையைச் சமப்படுத்தி, சில வாரங்களிலேயே ஓர் ஓடுபாதை அமைத்திருந்தார். மே 24-ந் தேதி ஏர் கமடோர் மெஹர் சிங், மேஜர் ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு, டகோடா விமானமொன்றில் இமயச் சிகரங்களைக் கடந்து அங்கே வந்தார்.

லே 10,000 அடிக்கு மேல் உயரமுள்ளது. அங்கே காற்று மெலிந்திருப்பதால், கருவி காட்டும் வேகத்தைவிட விமானத்தின் உண்மை வேகம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அதிகம். ஆகவே, நிற்பதற்கு நீண்ட பாதை வேண்டும். எஞ்சின்களின் பலமோ குறைந்துவிடும். இறங்குவதைக் கைவிட்டு மேலே எழும்புவதும் கஷ்டம். போதாக்குறைக்கு, சுற்றிலும் மலைச் சரிவுகள் அடிவானத்தை மறைப்பதால், சாய்ந்த நிலத்தைச் சமநிலமென்று கண் மயங்கிவிடும்.

இவ்வளவையும் வென்று மெஹர் சிங் பத்திரமாக இறங்கினார். பின்னர் மற்ற டகோடாக்கள் துருப்புகளைக் கொண்டுவந்தன. லே வீழவில்லை. மெஹர் சிங்குக்கு மகாவீர் சக்ரம் கிடைத்தது.

இன்று லேயில் ஜெட் விமானங்கள் இறங்குகின்றன. ஆயினும் பிற்பகலில் மலைக்காற்று வலுக்குமாதலால், பிரயாணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போகின்றன. இயற்கை தன் நிபந்தனைகளைத் தளர்த்திவிடவில்லை.

விமானியின் தீரத்தை நம் குழந்தைகளுக்குச் சொல்லுவோம். அதோடு, அவர் வருவதற்கு முன்பே மண்ணைச் சமப்படுத்தி வைத்த கைகளையும் சொல்லுவோம். அந்தக் கைகள் இல்லையேல், எத்தகைய வீரனுக்கும் அன்று இறங்க இடமிருந்திராது.