மரம் அறுக்கும் மெஷின் மக்கர் செய்கிறதா? திருகாணியைத் தொடாதீர்கள்!

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டன. அதன்பிறகு ஆயிரக்கணக்கானோர் மாரிகுப்பத்தில் ரெயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். ஊரைச் சுற்றியே கூலி வேலை தேடிக்கொண்டவர்களும் உண்டு. மரம் அறுப்பது அப்படிப்பட்ட வேலைகளில் ஒன்று.

கோலார் மாவட்டத்தில் தைல மரத் தோப்புகள் ஏராளம். கன்னடத்தில் இதை நீலகிரி மரம் என்பார்கள். நிலத்தடி நீர் குறைவதைக் கருதி, இதைப் புதிதாக நடுவதற்கு கர்நாடக அரசு 2017-ல் தடை விதித்தது. ஏற்கனவே வளர்ந்து நிற்கும் மரங்களை அறுக்கக் கையாள்வது பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம். அது பாதி மரத்தில் திணறி நின்றால் அன்றைய கூலி போயிற்று.

மெஷின் இழுக்கவில்லை என்றதும் பலர் ஸ்குரூ டிரைவரை எடுத்து கார்புரேட்டர் திருகாணியைத் திருப்புகிறார்கள். அதைக் கடைசியில்தான் தொடவேண்டும்.

முதலில் பார்க்கவேண்டியவை

மெஷினை நிறுத்தி, பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

சங்கிலி: மரம் சீவலாக விழாமல் மாவு போல விழுந்தால் பல் மழுங்கியிருக்கிறது. கோளாறு என்ஜினில் இல்லை. அரம் போட்டால் போதும்.

பெட்ரோல்: இந்த என்ஜினுக்குத் தனி ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலக்கும் 2-ஸ்டிரோக் ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்பதை மெஷினுடன் வந்த புத்தகத்தில் பாருங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; தண்ணீர் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். ஆகவே, கலந்து வைத்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஏர் பில்டர்: மரத்தூள் அடைத்தால் என்ஜினுக்கு மூச்சு முட்டும். தட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

பிளக்: முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம், அல்லது ஏர் பில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, என்ஜின் கொதிக்கிறது.

அடைப்பு: சைலன்சர் வலையில் கரி பிடித்திருக்கலாம். டாங்கிற்குள் இருக்கும் சிறு பில்டரும், காற்று புகும் துவாரமும் அடைத்திருக்கலாம். சூடாக இருக்கும்போது டாங்க் மூடியைத் திறக்காதீர்கள். பெட்ரோல் பீறிட்டுத் தீப்பிடிக்கும்.

இனிமையான சத்தம் ஆபத்து

இத்தனையும் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால்தான் திருகாணி. வேகத் திருகாணியை வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும். என்ஜின் கூர்மையாகக் கூவும். வேகம் கூடியதாகத் தோன்றும். ஆனால் பெட்ரோலோடு ஆயிலும் குறைவதால் பிஸ்டன் வறண்டு சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். செலவு பல நாள் கூலியை விழுங்கிவிடும்.

தங்கவயல் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையை விட சுமார் 8 சதவீதம் குறைவு. இங்கே சரிசெய்த மெஷினை ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கொண்டுபோனால் காற்று கூடி, பெட்ரோல் அந்த அளவுக்குப் போதாமல் போகும். கீழே இறங்கியதும் முதல் நாளே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

திருகாணியைத் திருப்பியும் மாற்றம் இல்லை என்றால், எங்கேயோ காற்று கசிகிறது. அது மெக்கானிக் பார்க்கவேண்டிய வேலை.

கை முக்கியம்

விசையை விட்ட பிறகும் சங்கிலி சுற்றிக்கொண்டிருந்தால் ஐடில் திருகாணியைக் குறையுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கலாம். அந்த மெஷினோடு மரத்தருகே போகக்கூடாது. ஒரு நாள் கூலியை மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம். போன விரல் வராது.