குடும்ப வன்முறையும் போக்கிடமும்

1960-களின் தொடக்கத்தில் தமிழகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பளியர்களிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்களிடையே மனைவிமீது கணவனுக்கு அதிகாரம் இல்லை என்பதையும், சச்சரவு முற்றினால் ஒருவர் விலகி உறவினரிடம் போய்விடுவதே வழக்கம் என்பதையும் பதிவு செய்தார். கூலி வேலையும் மதுவும் புகுந்துவிட்ட இன்றைய குடியிருப்புகளுக்கெல்லாம் இது பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. ஆயினும், பழனி மலைத்தொடரையும் வாழிடமாகக் கொண்ட அந்தப் பழங்குடியினரின் வழக்கம், குடும்ப வன்முறையால் மனம் அடையும் சேதத்தை ஆராய்வோர் கவனிக்க வேண்டிய ஒன்று.

அதே மலைத்தொடரில், இதற்கு மாறாக, கொடைக்கானல் மேல்மலையின் பூண்டு, கேரட் தோட்டங்களில் ஆணுக்கு நிகராக உழைத்தாலும், பட்டா பெரும்பாலும் கணவன் அல்லது மாமனார் பெயரில் இருக்க, பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் 'வாழாவெட்டி' என்ற பேச்சு காத்திருக்க, பெண்ணுக்குப் போக்கிடம் சுருங்கிவிடுகிறது. வாசலில் பைக் வந்து நிற்கும் ஓசையைக் கொண்டே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று கணித்துப் பிள்ளைகளை அவசரமாகத் தூங்க வைக்கும் நிலையை மனநல மருத்துவம் மிகை விழிப்பு என்கிறது. ஆபத்து இல்லாத பொழுதிலும் உடல் ஆயத்தமாகவே இருப்பதால் தூக்கம் கெட்டு, தலைவலியும் வயிற்றெரிச்சலும் நிலைத்துவிட, மருத்துவமனைச் சீட்டில் அவை மட்டுமே ஏறுகின்றன.

அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல் வன்முறைச் சுழற்சி என்ற கருத்தை முன்வைத்தார். இறுக்கம் கூடுதல், அடி, பின்னர் மன்னிப்பும் கொஞ்சலும் என்று அது மாறிமாறி வருகிறது. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று நம்மவர் ஆறுதலாகச் சொல்வது இந்த மூன்றாம் கட்டத்தைத்தான், பெண்ணைக் கட்டிப்போடுவதும் அதுவே. அவள் விலகாததற்குக் காரணமாக வாக்கர், 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்ற உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் கருத்தை, அதாவது எது செய்தும் பயனில்லை என்று பட்டறிந்த உயிர் முயல்வதையே விட்டுவிடுகிறது என்பதை, எடுத்தாண்டார். ஆனால் செலிக்மனும் அவருடைய சக ஆய்வாளர் ஸ்டீவன் மையரும் 2016-இல் அதைத் திருத்தி, நீடித்த துன்பத்தில் முடங்குவது மூளையின் இயல்பு, தப்ப முடியும் என்பதே கற்க வேண்டியது என்றனர். 'ஏன் விட்டுப் போகவில்லை?' என்று கேட்போருக்கு இத்திருத்தம் தெரிந்திருப்பது நல்லது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். 2005-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், இழிசொல், மிரட்டல், செலவுக்குப் பணம் மறுத்தல் ஆகியவற்றையும் வன்முறையாகவே கொள்கிறது. உதவி கோர 181 என்ற எண் இருந்தாலும், மாவட்டச் சமூகநல அலுவலகம் திண்டுக்கல்லில் இருப்பதால், மேல்மலைப் பெண் நேரில் செல்ல ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்க வேண்டும்.

ஆனால் போக்கிடம் தேடிப் பெண்தான் வெளியேற வேண்டும் என்பதில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குடும்பமாக வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமையை மனைவிக்கு அளிக்கிறது. மாமனார் பெயரில் உள்ள வீட்டுக்கும் அது பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 19-ஆம் பிரிவின்கீழ், வன்முறை செய்த கணவனையே வெளியேறுமாறு நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம்.