மினசோட்டா பட்டினி ஆய்வு

மினசோட்டா பட்டினி ஆய்வு என்பது, நீண்டகால உணவுப் பற்றாக்குறை மனித உடலிலும் உள்ளத்திலும் ஏற்படுத்தும் விளைவுகளையும், பட்டினிக்குப் பின் உடலைத் தேற்றும் வழிகளையும் அறியும் பொருட்டு ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 நவம்பர் முதல் 1945 டிசம்பர் வரை நடத்தப்பட்ட ஒரு மருத்துவ ஆய்வு ஆகும். உடலியங்கியல் அறிஞர் ஆன்செல் கீஸ் (1904-2004) இதற்குத் தலைமை தாங்கினார். தாமாக முன்வந்த 36 இளைஞர்கள் இதில் பங்கேற்றனர். இவர்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்து, தம் உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர்.

உணவைப் பற்றிய ஓயாத நினைப்பு, எரிச்சல், மனச்சோர்வு, தனிமை நாட்டம் முதலியன ஒருவருடைய குணக்குறைகள் அல்ல, பட்டினியின் நேரடி விளைவுகளாகவே தோன்றக்கூடியவை என்பதை இவ்வாய்வு அளவீடுகளுடன் காட்டியது. பசி, உடல் எடை, உணவுப் பழக்கம் ஆகியவை பற்றிய பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கு இது அடிப்படையாக அமைந்தது.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் பல இலட்சம் மக்கள் போதிய உணவின்றித் தவித்தனர். செருமானியப் படைகளின் முற்றுகைக்கு உள்ளான லெனின்கிராட் நகரில் பெருந்தொகையானோர் பட்டினியால் இறந்தனர். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியிலும் கடும் உணவுப் பஞ்சம் நிலவியது. போர் முடிந்ததும் இம்மக்களுக்கு எவ்வகை உணவை, எவ்வளவு, எவ்வளவு காலம் கொடுக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான அறிவியல் விடை அக்காலத்தில் இருக்கவில்லை.

பட்டினி பற்றி அதற்கு முன்னரும் சில ஆய்வுகள் நடந்திருந்தன. பிரான்சிஸ் பெனடிக்ட் என்பவர் 31 நாட்கள் உண்ணா நோன்பிருந்த ஒருவரை ஆராய்ந்து 1915 இல் நூல் வெளியிட்டார். முதலாம் உலகப் போரின் இறுதியில் கல்லூரி மாணவர்களுக்குக் குறைந்த உணவு கொடுத்தும் அவர் ஆராய்ந்தார். எனினும் பல மாதங்கள் நீளும் பஞ்சத்தை ஒத்த நிலையைக் கட்டுப்பாட்டுடன் உருவாக்கி, அதிலிருந்து மீள்வதையும் தொடர்ந்து அளந்த ஆய்வு எதுவும் இருக்கவில்லை. இக்குறையைப் போக்கவே கீஸ் இவ்வாய்வைத் திட்டமிட்டார்.

பங்கேற்றவர்கள்

போரில் ஆயுதம் ஏந்துவதை மனச்சான்றின் காரணமாக மறுத்த இளைஞர்கள், படைச் சேவைக்கு மாற்றாகக் குடிசார் பொதுச் சேவை என்னும் அமைப்பின் கீழ்ப் பணியாற்றி வந்தனர். இவர்களுள் பலர் குவேக்கர், மெனோனைட்டு, பிரெதரன் ஆகிய அமைதிவழித் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். பிறர் நன்கு உண்ணும்பொருட்டுத் தாம் பட்டினி கிடக்க முன்வருவார்களா என்று கேட்கும் துண்டு வெளியீடு ஒன்று இவர்களிடையே பரப்பப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். உடல்நலமும் மனநலமும் நன்கு அமைந்த 36 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

இவர்கள் பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பார்வையாளர் இருக்கைகளுக்குக் கீழே அமைந்திருந்த ஆய்வுக்கூடத்திலேயே தங்கினர். ஆய்வுக்கூடப் பணிகளைச் செய்ததோடு, பல்கலைக்கழக வகுப்புகளிலும் கலந்து கொண்டனர். ஒவ்வொருவரும் வாரந்தோறும் 22 மைல் (ஏறத்தாழ 35 கிலோமீட்டர்) நடக்க வேண்டும் என்பது விதியாகும்.

ஆய்வின் கட்டங்கள்

ஆய்வு நான்கு கட்டங்களாக நடைபெற்றது.

1. கட்டுப்பாட்டுக் காலம் (12 வாரங்கள்): நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,200 கலோரி உணவு அளிக்கப்பட்டு, ஒவ்வொருவரின் இயல்பான உடல், உள நிலைகள் பதிவு செய்யப்பட்டன.
2. அரைப்பட்டினிக் காலம் (24 வாரங்கள்): 1945 பெப்ரவரி 12 அன்று தொடங்கியது. உணவு சராசரியாக 1,570 கலோரி அளவுக்குக் குறைக்கப்பட்டது.
3. கட்டுப்படுத்தப்பட்ட தேற்றுக் காலம் (12 வாரங்கள்): பங்கேற்றோர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வெவ்வேறு அளவு உணவு பெற்றனர்.
4. கட்டுப்பாடற்ற தேற்றுக் காலம் (8 வாரங்கள்): 12 பேர் மட்டும் ஆய்வுக்கூடத்தில் தங்கி, விரும்பிய அளவு உண்டனர். உண்ட அளவு பதிவு செய்யப்பட்டது.

அரைப்பட்டினிக் காலத்தில் நாளுக்கு இருவேளை உணவு வழங்கப்பட்டது. ஐரோப்பாவில் பஞ்ச காலத்தில் கிடைக்கக்கூடியவை எனக் கருதப்பட்ட உருளைக்கிழங்கு, டர்னிப் போன்ற கிழங்கு வகைகள், கரும்பழுப்பு ரொட்டி, மாக்கரோனி ஆகியவையே பெரும்பாலும் இடம்பெற்றன. ஒவ்வொருவரும் எட்ட வேண்டிய எடை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. அவ்வரையறைக்கு ஏற்ப எடை குறையவில்லையாயின் அவருக்குரிய ரொட்டி போன்றவற்றின் அளவு வாரந்தோறும் மாற்றப்பட்டது.

உடல் விளைவுகள்

அரைப்பட்டினியின் முடிவில் பங்கேற்றோரின் சராசரி எடை ஏறத்தாழ 69 கிலோகிராமில் இருந்து 53 கிலோகிராமுக்குக் குறைந்தது. கொழுப்புடன் தசையும் பெருமளவு கரைந்தது. உடல் வலிமையும் தாங்குதிறனும் குன்றின. இதயத்தின் பருமன் சுருங்கி, நாடித்துடிப்பு மெதுவானது. கணுக்கால்களிலும் முகத்திலும் நீர்வீக்கம் தோன்றியது. இருக்கையில் அமர்வதே வலி தந்ததால் பலர் மெத்தை அணையைக் கையோடு கொண்டு சென்றனர்.

ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலின் அளவான அடிப்படை வளர்சிதைமாற்ற வீதம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. இக்குறைவின் ஒரு பகுதி உடல் சிறுத்ததால் விளைந்தது. எஞ்சியது, கிடைக்கும் சிறிதளவு ஆற்றலைக் கொண்டு உயிர் தரிக்க உடல் செய்துகொண்ட தகவமைப்பாகும். வெயில் மிகுந்த சூலை மாதத்திலும் பங்கேற்றோர் குளிரை உணர்ந்தனர். தொடக்கத்தில் விரைவாகக் குறைந்த எடை, இறுதி வாரங்களில் மிக மெதுவாகவே குறைந்தது.

உள விளைவுகள்

ஆய்வாளர்கள் பெரிதும் கவனித்தவற்றுள் உள மாற்றங்களும் அடங்கும். உளவியலாளர் யோசப் பிரோசெக் இப்பகுதியை மேற்கொண்டார். நாட்கள் செல்லச் செல்ல உணவே பங்கேற்றோரின் பேச்சிலும் நினைவிலும் கனவிலும் முதலிடம் பெற்றது. அதுவரை சமையலில் நாட்டமில்லாதவர்கள் சமையல் நூல்களைச் சேகரித்து மணிக்கணக்கில் படித்தனர். சில நிமிடங்களில் உண்டு முடிக்கக்கூடிய உணவைப் பலர் நெடுநேரம் வைத்து உண்டனர். தண்ணீர் கலந்து அதன் அளவைப் பெருக்கினர். உப்பையும் மசாலாப் பொருட்களையும் மிகுதியாகச் சேர்த்தனர். தட்டை நக்கித் துடைத்தனர். காப்பி அருந்துவது அளவு மீறியமையால் நாளுக்கு ஒன்பது கோப்பை என வரம்பிடப்பட்டது. ஒருவர் நாளுக்கு 40 பொட்டலம் வரை சூயிங் கம் மென்றார்.

உணவில் மிகுந்த இந்நாட்டத்துக்கு ஈடாகப் பிற ஆர்வங்கள் மங்கின. நட்பு, நகைச்சுவை, படிப்பு, பாலுணர்வு ஆகியவற்றில் பற்றுக் குறைந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்திலேயே உருவாக்கப்பட்ட ஆளுமைச் சோதனையில், மனச்சோர்வையும் உடல்நலம் குறித்த மிகைக் கவலையையும் காட்டும் மதிப்புகள் உயர்ந்தன. தம் சிந்தனை மழுங்கிவிட்டதாகப் பங்கேற்றோர் கூறினர். ஆயினும் அறிவுத்திறன் சோதனைகளில் குறிப்பிடத்தக்க வீழ்ச்சி காணப்படவில்லை.

இவர்கள் கொள்கைக்காகச் சமூகத்தின் இகழ்ச்சியைப் பொறுத்துக்கொண்ட மனவுறுதி மிக்கவர்கள். அவ்வாறிருந்தும் சிலர் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே மறைவாக உண்டனர். இதனால் துணையின்றி எவரும் வெளியே செல்லக்கூடாது என்ற விதி கொண்டுவரப்பட்டது. இறுதியில் நால்வரின் தரவுகள் விலக்கப்பட்டு, 32 பேரின் தரவுகளே முழுமையாகப் பயன்படுத்தப்பட்டன. தேற்றுக் காலத்தில் மனக்குழப்பத்தில் இருந்த ஒருவர் கோடரியால் தம் கைவிரல்கள் மூன்றை வெட்டிக்கொண்டார். அது விபத்தா, வேண்டுமென்றே செய்ததா என்பதை அவராலேயே உறுதியாகக் கூற இயலவில்லை.

தேற்றுக் காலம்

பட்டினி முடிந்ததும் துன்பம் நீங்கிவிடும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. மிகக் குறைந்த உணவு பெற்ற குழுவினரின் உடல்நிலை முதல் சில வாரங்களில் மேம்படவேயில்லை எனலாம். கூடுதலாக அளிக்கப்பட்ட உயிர்ச்சத்துகளும் புரதமும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. உணவின் மொத்தக் கலோரி அளவே மீட்சியின் வேகத்தைத் தீர்மானித்தது. பட்டினியால் நலிந்த வளர்ந்த ஒருவர் தேறுவதற்குப் பல மாதங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,000 கலோரி தேவை என்று கீஸ் முடிவு செய்தார்.

கட்டுப்பாடு நீங்கியபின் சிலர் நாளுக்கு 5,000 கலோரிக்கும் மிகுதியாக உண்டனர். வயிறு நிறைந்த பின்னரும் பசி தணியவில்லை என்று பலர் கூறினர். உடல் எடை பழைய நிலையை எட்டும் முன்னரே கொழுப்பின் அளவு முந்தைய அளவைத் தாண்டியது. தசை மீள்வதற்குக் கூடுதல் காலம் பிடித்தது. முழுமையாகத் தேற இரண்டு மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் வரை ஆனதாகப் பங்கேற்றோர் பிற்காலத்தில் மதிப்பிட்டனர்.

வெளியீடுகள்

ஐரோப்பாவில் போர் 1945 மே மாதத்தில் முடிந்தபோது ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருந்தது. எனவே 1946 இல் நிவாரணப் பணியாளர்களுக்கான சிறு கையேடு ஒன்று வெளியிடப்பட்டது. உணவு வரிசையில் நிற்போரின் எரிச்சலையும் அக்கறையின்மையையும் நன்றிகெட்ட தன்மையாகக் கொள்ளாமல், பட்டினியின் அறிகுறியாகக் கொள்ள வேண்டும் என்பதை விளங்கவைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. முழுமையான முடிவுகள் 1950 இல் இரு தொகுதிகளாக, 1,300க்கும் மேற்பட்ட பக்கங்களில் மினசோட்டா பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டன.

வரம்புகளும் அறநெறியும்

பங்கேற்ற அனைவரும் நல்ல உடல்நலம் கொண்ட வெள்ளையின இளம் ஆண்கள். பெண்கள், குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோருக்கு இம்முடிவுகளை அப்படியே பொருத்த இயலாது. மேலும், உண்மையான பஞ்சத்தில் வாடுவோர் குளிர், நோய், அச்சம், உறவினரின் இறப்பு ஆகியவற்றையும் எதிர்கொள்கின்றனர். மினசோட்டாவில் இருந்தோருக்கோ பட்டினி முடியும் நாள் முன்பே தெரிந்திருந்தது. மருத்துவக் கண்காணிப்பும் இருந்தது.

மனிதர் மீதான ஆய்வுகளுக்குரிய நியூரம்பர்க் நெறிமுறை 1947 இல்தான் உருவானது. பங்கேற்றோரின் இசைவு பெறப்பட்டிருந்த போதிலும், இத்தகைய ஆய்வை நடத்த இன்றைய அறநெறிக் குழுக்கள் ஒப்புதல் அளிப்பது அரிது. 2003-04 இல் பங்கேற்றோருள் 18 பேர் நேர்காணப்பட்டபோது, தாம் அதில் பங்கேற்றதைப் பெருமைக்குரியதாகவே அவர்கள் நினைவுகூர்ந்தனர்.

தாக்கம்

உணவை மறுத்து உடல் மெலியும் அனோரெக்சியா நெர்வோசா நோயாளிகளிடம் காணப்படும் உணவுச் சடங்குகள், தனிமை நாட்டம், மனச்சோர்வு ஆகியவற்றுள் பல மினசோட்டா இளைஞர்களிடமும் தோன்றியிருந்தன. அவர்களுக்கு அந்நோய் இருக்கவில்லை. இதனால், உடல் எடையை மீட்பது உளச் சிகிச்சைக்கும் இன்றியமையாதது என்ற கருத்து வலுப்பெற்றது.

உடல் எடை மீள்வது குறித்தும் இத்தரவுகள் மீண்டும் ஆராயப்பட்டன. தூலூ என்பவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1997 இல் வெளியிட்ட பகுப்பாய்வு, இழந்த கொழுப்பு மட்டுமன்றி இழந்த தசையும் பசியைத் தூண்டுவதாகச் சுட்டியது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர் 1994 இல் கண்டறியப்பட்ட பின்னர், உடல் மெலியும்போது அதன் அளவு குறைந்து மூளையில் பசியைத் தூண்டுவது தெரியவந்தது. கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்கள் மீண்டும் எடை கூடுவதை மனவுறுதியின் குறைவாக மட்டும் விளக்கிவிட இயலாது என்பதற்கு, அரை நூற்றாண்டுக்கு முன்பே திரட்டப்பட்ட மினசோட்டா அளவீடுகளும் சான்றாக அமைந்தன.