பெட்டிக்குள் இரண்டு பேர்

‘ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது’ என்று சொல்லும் பாட்டிமார் ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயா அடுக்குமாடிகளில் இன்னும் இருக்கிறார்கள். மருத்துவம் இதற்கு நேர் எதிர். வயிற்றுக்குள் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் நுரையீரலுக்கு லாபம்தான். ஆனாலும் பாட்டிமாரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. மாசாய், உலு திராம் பக்கத்துத் தோட்ட லயங்களில் வளர்ந்தவர்கள் அவர்கள். குறை மாசத்தில் பிறந்தது ஏன் பிழைத்தது, ஏன் போனது என்று விளக்கிச் சொல்ல அங்கே ஆளில்லை. மலாயா சுதந்திரம் பெற்ற 1957இல், உயிரோடு பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 75 பேர் அளவுக்கு முதல் வயதைத் தாண்டவில்லை. இப்போது அது ஏழு பேர் அளவுக்கு இறங்கிவிட்டது.

அன்றைய வைத்தியம் சூடும் பாலும்தான். பிள்ளையைப் பஞ்சில் பொதிந்து, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலை வைப்பார்கள். உறிஞ்சத் தெரியாத வாய்க்குள் பாலாடையின் மூக்கு வழியாகத் தாய்ப்பால் சொட்டுச் சொட்டாக இறங்கும். இதில் பழிக்க ஒன்றுமில்லை. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவும் முதலில் கவனிப்பது அதே சூட்டையும் அதே பாலையும்தான். பாலாடை, அதே பெயரோடு, இந்தியக் குழந்தை மருத்துவ ஆய்வேடுகளிலும் ஏறிவிட்டது. பாட்டிமாரிடம் இல்லாதது மூச்சுக்கான வழி.

அது அன்று யாரிடமும் இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. எடை இரண்டு கிலோவுக்கு மேல். நுரையீரல் விரியாமல் இரண்டே நாளில் இறந்தது. இன்று ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் அந்த எடையில் பிள்ளை பிறந்தால் மிஸ்ஸிகள் பெரிதாகப் பதற மாட்டார்கள். அங்கே ஒரு கிலோப் பிள்ளைகளுக்காகத்தான் கவலை.

இடையில் நடந்ததில் எனக்குப் பிடித்தது ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. நியூசிலாந்து மருத்துவர் லிகின்ஸ், பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று அறியச் சினை ஆடுகளின் வயிற்றுக்குள் இருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார். நாள் ஆகாமல் பிறந்த ஒரு குட்டி, கணக்குப்படி செத்திருக்க வேண்டியது, மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது. அதிலிருந்துதான் குறைப் பிரசவ அறிகுறி கண்ட தாய்க்கு நுரையீரல் முதிர ஊசி போடும் வழக்கம் வந்தது. அவரும் சக மருத்துவர் ஹவீயும் அதை 1972இல் வெளியிட்டார்கள். 1980இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா, நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்தைப் பிள்ளைகளின் மூச்சுக்குழாய்க்குள்ளேயே செலுத்திக் காட்டினார்.

இயந்திரங்களையும் மருந்துகளையும்விடப் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது வேறொன்று. பெற்றவர்கள் நிற்கும் இடம் மாறியிருக்கிறது.

முன்பெல்லாம் ‘பிள்ளையைப் பெட்டியில வச்சிருக்காங்க’ என்றால், அம்மா கண்ணாடிக்கு வெளியே என்று பொருள். தொற்று வந்துவிடும் என்ற பயம், உலகமெங்கும் மருத்துவமனைகளை அப்படி ஆக்கியிருந்தது. அப்பா பார்வையாளர் நேரத்தில் வந்து எட்டிப் பார்ப்பார், எது நம்முடையது என்று விரலால் காட்டச் சொல்வார், போய்விடுவார். 1970ஐ ஒட்டி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தாய்மாரைக் கைகழுவச் செய்து உள்ளே விட்டுப் பார்த்தார்கள். தொற்று கூடவில்லை. கொலம்பியாவின் பொகோட்டாவில் கதவு திறந்ததற்குக் காரணம் பற்றாக்குறை. இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் பல பிள்ளைகள் கிடக்க, 1970களின் இறுதியில் மருத்துவர் எட்கர் ரே தாயின் நெஞ்சையே பெட்டியாக்கினார். ஏழைகளின் மாற்று வழி என்று பலர் அதை நெடுங்காலம் ஒதுக்கினார்கள்.

டில்லி சஃப்தர்ஜங் உட்பட இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா மருத்துவமனைகளில் 3,211 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்ததும் நெஞ்சோடு அணைத்த குழுவில் 28 நாளுக்குள் இறப்பு 12 சதவீதம், மற்றதில் 15.7. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அம்மாவின் கட்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போடப்பட்டிருந்தது என்பதுதான் இதில் முக்கியம்.

ஆகவே, 28 வாரத்தில் இரட்டையர் பிறந்த வீட்டில் அம்மாவுக்கு இன்று வேலை இருக்கிறது. கறந்த பாலைப் புட்டியில் பெயரும் நேரமும் ஒட்டி ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். அதில் ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று அளந்து, மூக்குக் குழாய் வழியே சின்னவனுக்கும் பெரியவனுக்கும் தனித்தனியாக இறங்கும். மூச்சு நின்று மணி அடித்தால் பாதத்தை எப்படித் தட்டுவது என்று மிஸ்ஸி காட்டித் தருவார். சட்டையைத் திறந்து ஒருவனை நெஞ்சில் போட்டுக்கொண்டால், மற்றவனுக்கு அப்பாவின் நெஞ்சு. தந்தையின் தோலும் சூடு தரும்.

வீடு மட்டும் அந்த வேகத்தில் மாறவில்லை. பாலூறப் பால்சுறாவும் பூண்டும் சமைத்துக் கொடுக்கும் அதே கைகள், ‘பச்ச உடம்புக்காரி வெளிய போகாத’ என்று வாசலில் மறிக்கின்றன. பத்தியம் பார்க்கும் நாட்களில்தான் பிள்ளைகளுக்கு அம்மா அதிகம் தேவை. முப்பதாம் நாள் கும்பிடுவதற்கு உறவுகள் தேதி கேட்கும்போது, இரட்டையருக்கு அம்மா வயிற்றிலேயே இன்னும் எட்டு வாரம் பாக்கி. அவர்கள் வளர்ச்சியை மருத்துவர்கள் பிறந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதே தனி உழைப்பு.

சட்டத்துக்கும் அந்தக் கணக்கு இன்னும் புரியவில்லை. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரிவரை தனியார் ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 60 நாள். 28 வாரத்தில் பெற்றவளுக்கு, பிள்ளை பிறந்திருக்க வேண்டிய தேதிக்கு மூன்று வாரம் முன்பே அது தீர்ந்துவிடும். இப்போது 98 நாள். அதாவது அந்தத் தேதி கழிந்து இரண்டு வாரம். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. தந்தைக்கு 7 நாள். அதுவும் உள்நாட்டில் வேலை செய்பவருக்கு. பெர்மாஸ் ஜெயாவில் எத்தனையோ அப்பாக்கள் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போகிறவர்கள். அங்கே அரசு ஊதியத்தோடு தரும் தந்தையர் விடுப்புக்குப் பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். அதனால் இவர்களுக்கு முதலாளி மனம் வைத்தால்தான் உண்டு.

இரட்டையரில் பெரும்பாலும் ஒருவன் முதலில் எடை ஏறி வீட்டுக்கு வருவான், மற்றவன் வார்டிலேயே இருப்பான். அம்மா ஒருத்தி. எந்தப் பிள்ளையிடம் இருப்பது? பிரிட்டனில் 2025 ஏப்ரலிலிருந்து, பச்சிளங்குழந்தைப் பிரிவில் பிள்ளை இருக்கும் காலத்துக்கு ஈடாகத் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே 12 வாரம்வரை கூடுதல் விடுப்பு சட்டமாகிவிட்டது. புத்ராஜெயா இதைப் பார்த்து எழுதுவதற்குப் புது ஆய்வு எதுவும் தேவையில்லை.